எம்.எஸ்சி. விலங்கியலா, உயிரித் தொழில்நுட்பமா?

குடியாத்தம் மாணவி:
வணக்கம். வேலூரில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. தனியார் நிறுவனத்தில் உயிரித் தொழில்நுட்பம் என்றால் கல்விக் கடன் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் அதற்குத்தான் வேலை இருக்கிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்பா கைத்தறி நெய்கிறார். அவர் மீது கடனை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நோய்க்கிருமி ஆராய்ச்சியில் சேர ஆசைப்படுகிறேன். அது அமையாவிட்டால் ஆசிரியராக விரும்புகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

முதுகலை ஆசிரியர், ஆர்க்காடு:
தங்கைக்கு வணக்கம். ஆசிரியப் பணியை இரண்டாம் வழியாகவேனும் வைத்திருப்பதால், விலங்கியலை விட்டுவிடாதீர்கள். மேல்நிலை வகுப்புகளில் உயிரியல் என்பது தாவரவியல், விலங்கியல் என்று பிரிந்தே இருப்பதால், ஆசிரியர் தேர்வு வாரியமும் அந்தப் பாடங்களுக்கே முதுகலை ஆசிரியர்களைத் தேர்வு செய்கிறது, பி.எட். பட்டமும் வேண்டும். வேறு பெயருள்ள பட்டம் இணையானதா என்பதை அரசாணையைப் பார்த்தே முடிவு செய்வார்கள். பட்டம் வாங்கிய பிறகு அந்த அரசாணையைத் தேடி அலைந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

ஆய்வு மாணவி, வேலூர்:
ஆராய்ச்சியைப் பொறுத்தவரை உங்கள் உறவினர்களின் கணிப்பு சரியில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் தேசிய அளவில் நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் விலங்கியல் படித்தவருக்கும் உயிரித் தொழில்நுட்பம் படித்தவருக்கும் உயிர் அறிவியல் என்ற ஒரே தாள்தான். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், வீட்டிலிருந்து பணம் கேட்காமலே முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

பட்டத்தின் பெயரைவிட, இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்டை எங்கே செய்கிறீர்கள் என்பதே உங்கள் கையில் தொழிலைத் தரும். 1986இல் சென்னையில் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் காட்டிய வழியில், தம் ஆய்வேட்டுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து பரிசோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது. நம் ஊரின் ஆய்வகங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வேடுதான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்தை 6,799 குழந்தைகளிடம் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. அத்தகைய சோதனையில் மாதிரிகளைப் பிரித்துப் பதப்படுத்துவோர், தரவுகளைச் சரிபார்ப்போர், ஒருங்கிணைப்பாளர்கள் என்று பலர் தேவைப்படுகிறார்கள், அவர்களில் உயிரியல் முதுநிலை படித்தோரும் உண்டு. ஆகவே மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர்., நோய் எதிர்ப்பொருள்களைக் கண்டறிய உதவும் எலைசா, செல் வளர்ப்பு ஆகியவற்றை நீங்களே கைப்படச் செய்ய விடும் ஆய்வகத்தை முதலாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குங்கள். காசு கொடுத்து ஆயத்த ப்ராஜெக்ட் வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

கழிவுநீர் ஆய்வகப் பணியாளர், ராணிப்பேட்டை:
இன்னொரு வழியையும் சொல்கிறேன். நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து, கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்று காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அளப்பதும், கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தால் மடியாமல் காப்பதும் என் அன்றாடப் பணிகள். தொடக்கச் சம்பளம் சிறியது, ஏற்றமும் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் பாலாற்றுக்காகச் செய்யும் வேலை என்பதால் விட மனமில்லை. மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போன நண்பர்கள் என்னைவிட விரைவில் சம்பாதித்தார்கள், அதற்கு எம்.எஸ்சி. தேவையே இல்லை.

குடியாத்தம் மாணவி:
மூவருக்கும் நன்றி. அரசுக் கல்லூரிக்கே விண்ணப்பிக்கிறேன். அக்கா, பள்ளியில் தமிழ் வழியில் படித்த நான் நெட் தேர்வை எப்படி அணுகுவது?

ஆய்வு மாணவி, வேலூர்:
தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பது உண்மையிலேயே நமக்குக் கடினம்தான். மொத்தம் 200 மதிப்பெண்ணில் 100, மூன்றாம் பகுதிக்கு உரியவை. அங்கே 75 கேள்விகளில் 25க்கு மட்டும் விடையளித்தால் போதும். பெரும்பாலும் ஒரு சோதனையின் முடிவைக் காட்டி, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். நான் வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதிலுள்ள படங்களை மட்டும் பார்த்து, என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு கட்டுரையின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்தக் குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமானால் தருகிறேன்.