முதல் ஸ்மார்ட்போன் ஏமாற்றம் தருகிறது: கருவியில் பழுதா, இந்த விலைக்குக் கிடைப்பதே இவ்வளவுதானா?

திப்பிலி, திருப்பாதிரிப்புலியூர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். இதுநாள் வரை பட்டன் போனே எனக்குப் போதுமானதாக இருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த வழியில் பேருந்து ஓடுகிறது என்ற செய்திகளெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களிலேயே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் நான் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்களும் சில்லறையை நீட்டுவதைக் காட்டிலும் யுபிஐ வழியாகப் பணம் செலுத்தவே விரும்புகிறார்கள். ஆகவே புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடைக்குச் சென்று, ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். பெட்டியின் மேல் 8 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ஆக்டா கோர், 50 மெகாபிக்சல் கேமரா என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள்.

முதல் சில நாள்கள் குறையொன்றும் தெரியவில்லை. பிறகு அது மெல்ல மெல்லத் தளரத் தொடங்கியது. வாடிக்கையாளர் சுக்கும் அதிமதுரமும் கட்டச் சொல்லி, பணத்தை அனுப்பிவிட்டு நிற்கிறார்; பணம் வந்ததா என்று பார்க்கச் செயலியைத் திறந்தால் திரை வெள்ளையாகவே நிற்கிறது, அவரோ என் முகத்தைப் பார்க்கிறார். தமிழில் தட்டச்சு செய்தால் நான் ‘அதிமதுரம்’ என்று முழுவதும் தட்டி முடித்த பிறகுதான் திரையில் ‘அதி’ தோன்றுகிறது. பூட்டிய திரையில் நான் கேட்காத விளம்பரங்கள் வருகின்றன. நானாக எதையும் பெரிதாகச் சேர்த்துவைக்காத நிலையிலும், சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

வாங்கிய கடையில் கேட்டதற்கு, “உங்களுக்குப் பழக்கமில்லை ஐயா, பழகினால் சரியாகிவிடும்” என்றார்கள். இதற்குமுன் வேறொரு ஸ்மார்ட்போனைக் கையாண்டிராத எனக்கு, இந்த வேகம் இயல்பானதா, பழுதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இதைத் திருப்பிக் கொடுக்க இயலுமா? இயலாதெனில், இதையே ஓரளவு பயன்படும்படி செய்துகொள்ள வழி உண்டா?

ஈயப்பற்று, முத்தியால்பேட்டை

ஐயா, புதுச்சேரியில் கைப்பேசி பழுதுநீக்கும் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் இதே குறைகளோடு வருகிறவர்கள் பலர். அவர்களுடைய கருவிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்தப் பழுதும் இருப்பதில்லை. உங்கள் பழக்கத்திலும் பிழையில்லை. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுகிற எண்களுக்கும், கருவியின் வேகத்தைத் தீர்மானிக்கிற பாகங்களுக்கும் தொடர்பு குறைவு என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த 8 ஜிபி. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்; நட்சத்திரக் குறியிட்டு, 4 ஜிபி ரேமும் 4 ஜிபி ‘விர்ச்சுவல்’ ரேமும் சேர்ந்த கணக்கு என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். ரேம் என்பது திறந்திருக்கும் செயலிகள் இயங்குவதற்கான வேகமான தற்காலிக நினைவகம்; விர்ச்சுவல் ரேம் என்பது சேமிப்பிடத்தின் ஒரு பகுதியை ரேமைப்போல் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. ஆகவே செயலிகளை முழுவதுமாக மூடிவிடாமல் பின்னணியில் வைத்திருக்க அது ஓரளவு உதவுமேயன்றி, உண்மையான 8 ஜிபி ரேமுக்கு ஒருநாளும் ஈடாகாது.

இனி அந்தச் சேமிப்பிடத்தையே பார்ப்போம், ஏனெனில் உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் அங்குதான் இருக்கிறது. இந்த விலையில் விற்கும் போன்களில் வழக்கமாக இஎம்எம்சி வகை நினைவகமே பொருத்தப்படுகிறது. சற்றுக் கூடுதல் விலைப் போன்களில் இருப்பது யுஎஃப்எஸ் வகை. யுஎஃப்எஸ் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் வல்லது; இஎம்எம்சியோ ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில்போல, ஒரு நேரத்தில் படிப்பு அல்லது எழுத்து ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே செய்யும். இஎம்எம்சி 5.1இன் உச்ச வேகம் கோட்பாட்டளவில் நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ்ஸின் 2ஆம் தலைமுறையே அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமுடையது. உங்கள் கடையில் நடப்பதை இதோடு பொருத்திப் பாருங்கள். பின்னணியில் வாட்ஸ்அப் ஏதோ ஒரு காணொளியை இறக்கி எழுதிக்கொண்டிருக்கிறது, பிளே ஸ்டோர் இன்னொரு செயலியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அவற்றுக்கு நடுவே விர்ச்சுவல் ரேமும் அதே இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் யுபிஐ செயலியைத் திறந்தால், அது தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் உங்களுக்கு வெள்ளைத் திரையாகத் தெரிகிறது. மேலும், நினைவகம் நிறைய நிறைய, புதிதாக எழுதுவதற்கு முன் பழைய பகுதிகளை ஒழுங்குசெய்து அழிக்கும் வேலை கூடுவதால் வேகம் இன்னும் குறையும். வாங்கியவுடன் நன்றாக இருந்து, பிறகு தளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

ஆக்டா கோர் என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கோர் என்பது போனின் கணிப்பு வேலைகளைச் செய்யும் பகுதி; எட்டு கோர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் மலிவுப் போன்களில் அவற்றுள் எல்லாமோ பெரும்பாலானவையோ, சில்லுகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2017இல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ55 வகையைச் சேர்ந்த, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்கென வடிவமைத்த சிறிய கோர்களாக இருக்கும். ஒரு செயலியைத் திறக்கும் வேலையில் எட்டுக் கோர்களும் சமமாகப் பங்கெடுப்பதில்லை. ஒன்றிரண்டு கோர்களின் வேகமே அங்கு முக்கியம்.

இந்தப் பக்கம் கருவிகள் இவ்வாறிருக்க, அந்தப் பக்கம் மென்பொருள் பருத்துக்கொண்டே போகிறது. கூகுள் 2017இன் இறுதியில் ஆண்ட்ராய்டு கோ பதிப்பை வெளியிட்டபோது, அது 1 ஜிபி ரேமோ அதற்கும் குறைவாகவோ உள்ள போன்களுக்கானது என்றே சொன்னது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இன் கோ பதிப்புக்குக் குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம். சிக்கனப் பதிப்பின் கதையே இதுவென்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே இது பழுதன்று. ஆனால் ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று உங்களிடம் சொன்னதை ஏற்க முடியாது. விற்கும்போது சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, குறையை வாங்கியவர் தலையில் கட்டுகிற பேச்சு அது.

வெண்கட்டி, நெல்லிக்குப்பம்

மேலே உள்ள விளக்கம் சரியானது. நான் பள்ளியாசிரியை, எங்கள் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் இத்தகைய போன்களே உள்ளன. அவற்றைச் சீர்செய்து கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன், ஐயா: வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். அதன் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதிக்குச் சென்று, படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் நிறுத்திவிடுங்கள். அதே பகுதியில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் ஒன்று உண்டு. எந்தக் குழுவிலிருந்து எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அது காட்டும். நீங்கள் எதையும் சேர்த்துவைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலை வணக்கப் படங்களும் கோயில் காணொளிகளும் உங்களைக் கேளாமலே அங்கு சேர்ந்திருக்கும்.

அடுத்து, போனோடு வந்த விளையாட்டுகள், கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள், இரண்டாவது செயலிக் கடை போன்றவற்றைப் பாருங்கள். நீக்கக்கூடியவற்றை நீக்கிவிடுங்கள், நீக்க இயலாதவற்றில் ‘முடக்கு’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். முடக்கினால் இடம் பெரிதாகக் கிடைக்காது, ஆனால் அவை பின்னணியில் ஓடுவது நிற்கும். பூட்டிய திரையில் வருகிற விளம்பரம் பெரும்பாலும் பூட்டுத்திரையின் பின்னணிப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு வசதியோடு ஒட்டிக்கொண்டு வருவது. அமைப்புகளில் பூட்டுத்திரைப் பகுதியில் அதை அணைத்துவிடலாம். புதிய போனை முதன்முதலில் இயக்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று வரிசையாக அழுத்தச் செய்கிறார்களே, அதில் ஒன்று இதற்கான சம்மதம்.

மெமரி கார்டு ஒன்று வாங்கிப் படங்களை அதற்கு மாற்றுவது நல்லதே. செயலிகளை அதில் வைக்க முயல வேண்டாம். கார்டு உள்நினைவகத்தைவிடவும் மெதுவானது. மொத்தத்தில், சேமிப்பிடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தட்டச்சுத் தாமதம்கூடக் கணிசமாகக் குறைவதைக் காண்பீர்கள்.

யுபிஐ செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். மலிவுப் போன்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணிச் செயலிகளை மூடிவிடுவதால்தான் பணம் வந்த அறிவிப்பு தாமதமாக வருகிறது. உண்மையைச் சொன்னால், கடைக்கு அதுவும் தேவையில்லை: கியூஆர் அட்டையோடு ஒரு சவுண்ட் பாக்ஸ் வைத்துக்கொண்டால் பணம் வந்ததை அதுவே தமிழில் உரக்கச் சொல்லிவிடும். மாத வாடகை உண்டு. ஆனால் போலியாகத் தயாரித்த ‘பணம் செலுத்தப்பட்டது’ திரையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்தும் அது உங்களைக் காக்கும்.

கட்டுமரம், தேவனாம்பட்டினம்

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இந்த விலைப் போன்களின் திரை வெயிலில் தெரியாது. கடற்கரையில் நின்று கைகளால் மறைத்துக்கொண்டு பார்த்தாலும் காற்றின் வேகத்தைப் படிக்க முடிவதில்லை. கடைக்குள் அமர்ந்திருக்கிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய பட்டன் போனை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். புயல் நேரத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது அதுதான் உயிரோடு இருக்கும். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் ஸ்மார்ட்போனில் இருந்தால்தான் யுபிஐ செயலியைப் பதிவுசெய்ய முடியும் என்பதால், பட்டன் போனுக்கு வேறொரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்குரை, மஞ்சக்குப்பம்

திருப்பிக் கொடுப்பது பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. கருவி மெதுவாக இயங்குகிறது என்ற ஒரு காரணத்தைக் கொண்டு அதைக் குறைபாடுள்ள பொருள் என்று நிறுவுவது கடினம். பெட்டியில் 4+4 என்று பொடி எழுத்திலாவது அச்சிட்டிருந்தால், அச்சிட்டுவிட்டோம் என்பதே அவர்களுடைய வாதமாக இருக்கும். ஆனால் உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் விளக்கம் ஏதுமின்றி 8 ஜிபி ரேம் என்று எழுதியிருந்தால், உங்கள் தரப்புக்கு ஓரளவு வலு கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அழைத்து முறையிடுவதற்குச் செலவில்லை; பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே பேசி முடிகின்றன.

அதற்குமேல் போவதென்றால், பொருளைப் புதுச்சேரியில் வாங்கியதற்காக அங்கு அலைய வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஒரு வசதி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு: முறையிடுகிறவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. இருந்தாலும், ஏழாயிரம் ரூபாய்ப் பொருளுக்காகக் கடையை அடைத்துவிட்டு வாய்தாக்களுக்கு வந்துகொண்டிருப்பது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். என் கருத்தில் கட்டுப்படியாகாது.

போகிற போக்கில் ஒன்று. கைப்பேசி என்றால் புதுச்சேரியில் மலிவு என்று இன்னும் பலர் பேருந்தேறுகிறார்கள். இரண்டு ஊர்களிலும் வரி வெவ்வேறாக இருந்த காலத்துப் பழக்கம் அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் வரி ஒன்றே. கைப்பேசிக்கு அது 2020 ஏப்ரல் முதல் 18 விழுக்காடு.

புது வரவு, வில்லியனூர்

ஏழாயிரத்துக்குப் புதிய போன் வாங்குவதைவிட, அதே தொகைக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய உயர்ரகப் போனைப் பழையதாக வாங்குவதே அறிவுடைமை. இவருக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஈயப்பற்று, முத்தியால்பேட்டை

முதன்முறையாக வாங்குகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய போன்களில் பேட்டரி தளர்ந்திருக்கும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருக்கும். வங்கிச் செயலிகளை வைத்துப் புழங்குகிறவர் இரண்டாவதை அலட்சியப்படுத்தக் கூடாது. அப்படியும் வாங்குவதென்றால் *#06# அழுத்தி, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரிந்துவிடும்.

திப்பிலி, திருப்பாதிரிப்புலியூர் (கேள்வி கேட்டவர்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அம்மையார் சொன்னபடியே மகளை உடன் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தோம். சேமிப்பிடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றுள் பெரும்பகுதி எங்கள் தெருக் குழு ஒன்றிலிருந்தே வந்திருந்தது. விளம்பரம் நின்றுவிட்டது. தட்டச்சு இப்போது விரலோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. செயலிகள் திறக்கும் தாமதம் குறைந்திருக்கிறதே தவிர நீங்கவில்லை. பில்லில் வெறும் மாடல் எண்ணும் நிறமும் மட்டுமே உள்ளன. ஆகவே வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். சவுண்ட் பாக்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் மைத்துனருக்கும் விரைவில் ஒரு போன் வாங்க வேண்டியுள்ளது. அதில் இருப்பது இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்பதைப் பெட்டியைப் பார்த்தே அறிந்துகொள்ள இயலுமா?

ஈயப்பற்று, முத்தியால்பேட்டை

பெரும்பாலும் இயலாது, ஐயா. யுஎஃப்எஸ் இருந்தால் விளம்பரத்திலேயே பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். கடைக்குப் போகுமுன் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலைத் திறந்து, சேமிப்பிடம் என்ற வரியைப் பாருங்கள். அங்கும் ஜிபி அளவைத் தவிர வேறெதுவும் சொல்லப்படவில்லை என்றால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனைச் சோதித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அதில் எதுவும் நிறைந்திருக்காது என்பதால் எல்லாம் வேகமாகவே ஓடும்.