முட்டையைக் கொத்தி 19 மணி நேரம் ஆகிவிட்டது, குஞ்சு வெளியே வரவில்லை. நான் கை வைக்கலாமா?

பஞ்சாரம் | மாலை 4.10

வணக்கம். வீட்டிலேயே செய்த தெர்மாகோல் பெட்டியில் 14 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வைத்திருந்தேன், இன்றோடு 21 நாள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று உள்ளே ஓடுகிறது, சூடு 37.5 டிகிரியில் நிற்கிறது. மூன்று முட்டையில் கரு இல்லை என்று ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து இன்று மதியத்துக்குள் 9 குஞ்சு பொரித்துவிட்டது. ஒரு முட்டையில் அசைவே இல்லை, அது போகட்டும்.

என் கவலை இன்னொரு முட்டையைப் பற்றித்தான். நேற்றிரவு 9 மணிக்கு அகலமான முனைப் பக்கம் ஓட்டைக் கொத்திவிட்டது, அப்போதிருந்து அப்படியே இருக்கிறது. உளுந்து அளவுக்கு ஒரு பொத்தல், அதில் அலகின் நுனி தெரிகிறது. காதை வைத்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. பின்னால் கொத்தியவை எல்லாம் இதை முந்திக்கொண்டு வெளியே வந்து காய்ந்து ஓடுகின்றன.

போன தடவை இதே மாதிரி ஒன்று இருந்தபோது பொறுக்க முடியாமல் உரித்துவிட்டேன். ரத்தம் வந்தது, வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு தொங்கியது, அரை மணி நேரத்தில் கையிலேயே செத்துப்போனது. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இன்று பள்ளி விட்டு வந்ததும் முதலில் கேட்டது இந்த முட்டையைத்தான். விட்டாலும் செத்துவிடுமோ, தொட்டாலும் செத்துவிடுமோ என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அடைக்கோழி | மாலை 4.35

தம்பி, இப்போதைக்குத் தொடாதீர்கள். 19 மணி நேரம் நமக்குத்தான் நீளமாகத் தெரிகிறது. முதல் கொத்துக்கும் ஓட்டைச் சுற்றி அறுத்து வருவதற்கும் இடையே 12 முதல் 18 மணி நேரம் ஆவது சாதாரணம், 24 மணி வரை போனதும் என் பெட்டியில் எத்தனையோ பிழைத்திருக்கிறது.

அந்த நேரத்தில் குஞ்சு சும்மா கிடப்பதில்லை. இதுவரை அது மூச்சு விட்டது நுரையீரலால் அல்ல, ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வில் ஓடும் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான். முதலில் முட்டைக்குள்ளேயே காற்றறையைக் குத்தி நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும், அப்புறம்தான் ஓட்டைக் கொத்தும். கொத்திய பிறகு சவ்வில் இருக்கும் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகும். அந்த மஞ்சள் கருவை வைத்துத்தான் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்குகிறது. போன தடவை நீங்கள் பார்த்த ரத்தமும் தொங்கிய கருவும் இந்த வேலை முடிவதற்கு முன்னால் உரித்ததால் வந்தது. அந்தக் குஞ்சு வலுவில்லாதது என்று நினைக்க வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். பொரித்த 9 குஞ்சுகளையும் எப்படி வெளியே எடுத்தீர்கள்? ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தா?

வேப்பமரத்து வீடு | மாலை 5.05

நான் 30 வருடமாகக் கோழியை மட்டும்தான் அடை வைக்கிறேன், பெட்டி வைத்ததில்லை. கோழி எந்த முட்டையையும் உடைத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே குஞ்சு கத்தினால் மெதுவாகக் குரல் கொடுக்கும், அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொரித்த குஞ்சுகள் ஓடத் தொடங்கியதும், ஒரு நாளோ இரண்டு நாளோ, எழுந்து அவற்றோடு போய்விடும். வராத முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மனம் கேட்காமல் அந்த மிச்ச முட்டைகளை எடுத்து நானும் உரித்துப் பார்த்திருக்கிறேன் தம்பி. பிழைத்ததும் உண்டு, ஒன்று இப்போதும் முட்டையிடுகிறது. ஆனால் கால் விரிந்து போனதும் தொப்புள் மூடாததும் அதில்தான் அதிகம் வந்தது. அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் விட்டுவிடுவேன். தானாக வர முடியாதது வலுவில்லாத குஞ்சாக இருக்கலாம், அப்படியே உதவி செய்து பிழைக்க வைத்தாலும் அதைக் குஞ்சுக்கு வைக்க வேண்டாம், வளர்க்கலாம், அதன் முட்டையைச் சாப்பிடலாம், ஆனால் அடைக்கு எடுக்காதீர்கள்.

பஞ்சாரம் | இரவு 9.20

ஆமாம் அக்கா, ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். காலையிலிருந்து ஆறேழு தடவை மூடியைத் திறந்திருப்பேன், குஞ்சுகள் இந்த முட்டையை உருட்டிவிடுமோ என்று பயம்.

இப்போது 24 மணி நேரம் தாண்டிவிட்டது. பொத்தல் கொஞ்சம்கூடப் பெரிதாகவில்லை. பொத்தலைச் சுற்றி வெள்ளையாக இருந்த சவ்வு பழுப்பாகி, அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது, உள்ளே மயிரோடு ஒட்டியிருப்பது தெரிகிறது. மூச்சு விடுகிறது, சத்தம் மட்டும் குறைந்துவிட்டது. வேப்பமரத்து வீட்டம்மா சொல்வது புரிகிறது, ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு தூங்கப் போக முடியவில்லை.

அடைக்கோழி | இரவு 9.32

அப்படியென்றால் இது வேறு கதை. குஞ்சு நேரம் எடுத்துக்கொள்வது வேறு, சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போடுவது வேறு. மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஈரம் போய்விடும், ஏற்கெனவே பொத்தல் விழுந்த முட்டை முதலில் காயும். காய்ந்த சவ்வுக்குள் அதனால் திரும்பவே முடியாது, திரும்பினால்தானே ஓட்டைச் சுற்றிக் கொத்த முடியும். இது வேப்பமரத்து வீட்டம்மா சொல்லும் வலுவில்லாத குஞ்சாக இருக்க வேண்டியதில்லை. கோழிக்கு அடியில் இருந்திருந்தால் இந்நேரம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உதவுங்கள், ஆனால் ஒரே மூச்சில் செய்து முடிக்கக் கூடாது.

கையைக் கழுவிக்கொண்டு அறையில் ஃபேனை நிறுத்துங்கள். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், காது குடையும் பஞ்சுக்குச்சி, இவ்வளவு போதும். பொத்தலிலிருந்து அகலமான முனையை நோக்கி மட்டும், அரிசி அளவுத் துண்டுகளாக, ஓட்டை மட்டும் நகத்தால் கிள்ளி எடுங்கள், சவ்வைக் கிழிக்க வேண்டாம். கூர்முனைப் பக்கம் போகவே கூடாது, வயிறும் தொப்புளும் அங்கேதான் இருக்கும். பிறகு பஞ்சுக்குச்சியைப் பிழிந்து, வெளியே தெரியும் சவ்வை நனையுங்கள். மூக்குத் துளைக்குள் ஒரு சொட்டுகூடப் போய்விடக் கூடாது. நனைந்ததும் சவ்வு கண்ணாடி மாதிரி ஆகும், டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

சிவப்பு நூல் மாதிரி குழாய்கள் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஈரப் பஞ்சை முட்டை மேல் சுற்றி, பொத்தலை மட்டும் திறந்து விட்டு, பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள். குஞ்சு வாயை மெல்லுவது போல அசைத்துக்கொண்டிருந்தாலும் நான் காத்திருப்பேன், மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். சிவப்பே இல்லை என்றால் அலகைச் சுற்றிச் சவ்வை விலக்கி, தலையை மட்டும் விடுவியுங்கள். இழுக்க வேண்டாம். கீழ்ப் பாதி ஓட்டை அப்படியே விட்டுப் பெட்டிக்குள் வையுங்கள், அதுவே காலால் உதைத்துக்கொண்டு வரட்டும். எங்காவது ஒரு புள்ளி ரத்தம் எட்டிப் பார்த்தால் சுத்தமான பஞ்சால் மெதுவாக அழுத்திப் பிடித்து, அன்றைக்கு வேலையை அதோடு விட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் வெந்நீர்க் கிண்ணத்தில் ஒரு பழைய துணியைப் பாதி நனைத்துத் தொங்கவிடுங்கள். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருக்க வேண்டும். பொரித்த குஞ்சுகள் ஒரு நாள் உள்ளேயே கிடந்தால் ஒன்றும் ஆகாது, இனிமேல் அதற்காக மூடியைத் திறக்காதீர்கள்.

பஞ்சாரம் | இரவு 11.50

செய்தேன். முதல் தடவை நனைத்துப் பார்த்தபோது ஒரு ஓரத்தில் மெல்லிதாக ஒரே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது, கை நடுங்கிவிட்டது, நிறுத்திவிட்டேன். ஆனால் நனைந்த பிறகு கத்த ஆரம்பித்திருக்கிறது, நல்ல சத்தம். மகள் தூங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவள் இப்போதுதான் படுத்தாள். 1 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

பஞ்சாரம் | காலை 6.15

1 மணிக்குப் பார்த்தபோது அந்தக் கோடு இல்லை, சவ்வு வெறும் வெள்ளையாக இருந்தது. தலையை மூடியிருந்ததை விலக்கினேன், இறக்கைக்கு அடியிலிருந்து தலையை எடுத்து நீட்டிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. பாதி ஓட்டோடு வைத்துவிட்டு மூடிவிட்டேன். 3 மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓடு தனியாகக் கிடக்கிறது, குஞ்சு வெளியே!

தொப்புள் மூடியிருக்கிறது, ரத்தம் இல்லை. மயிர் மட்டும் பசை தடவியது போல ஒட்டிக்கிடக்கிறது. இடது கால் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறது, எழுந்து எழுந்து விழுகிறது. அந்த அசையாத முட்டையை என்ன செய்வது?

வேப்பமரத்து வீடு | காலை 6.40

ரொம்ப சந்தோஷம் தம்பி. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் செய்தீர்கள் பாருங்கள், நான் அந்தப் பொறுமையோடு செய்ததில்லை.

காலுக்கு இப்போதே பாருங்கள், நாள் போனால் திருந்தாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டும் பேண்டேஜில் மெல்லிய துண்டு வெட்டி, இரண்டு கணுக்காலையும் இடையே ஒரு விரல் அகலம் விட்டுக் கட்டுங்கள், அது இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். செய்தித்தாள் மேல் விடாதீர்கள், வழுக்கும். பழைய துண்டையோ சாக்கையோ விரியுங்கள். மற்ற ஒன்பதோடு இன்று சேர்க்க வேண்டாம், ஒட்டிய மயிரைக் கொத்தும். தனியாக விட்டாலும் கத்தும், அதனால் அமைதியான ஒரு குஞ்சை மட்டும் துணைக்கு விடுங்கள்.

அசையாததை 23ஆம் நாள் வரை விட்டுப் பாருங்கள். அதற்குள் கெட்ட வாடை வந்தால் உடனே எடுத்துவிடுங்கள், கூமுட்டை பெட்டிக்குள் வெடித்தால் எல்லாவற்றுக்கும் கேடு.

பஞ்சாரம் | காலை 7.30

கட்டிவிட்டேன் அம்மா. துணைக்கு விட்ட குஞ்சின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. நிற்கிறது!