எலியின் அச்சத்தை ஆராய்ந்தது புயலில் பிழைத்தவருக்கு உதவுமா?

கேள்வி (குளச்சல்):
2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலில் சிக்கிய விசைப்படகிலிருந்து உயிர்தப்பிய என் அண்ணன், இன்றும் இரவில் காற்று இரைந்தால் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார். கடலுக்குப் போவதையும் அடியோடு விட்டுவிட்டார். எலிகளின் அச்ச நினைவை மருந்தால் அழித்ததாக ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியிருக்க, மருத்துவர் ஏன் பேச்சுவழிச் சிகிச்சையையே வலியுறுத்துகிறார்?

பதில் (நாகர்கோவில், உடலியங்கியல் ஆசிரியர்):
சகோதரி, நீங்கள் படித்தது 2000-இல் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியும் பெற்ற எலி, பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே அசையாமல் உறைந்துவிடும். ஒலியை மீண்டும் கேட்கச் செய்து நினைவைக் கிளறிய கையோடு, மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசினைச் செலுத்தியபோது, அடுத்த நாள் சோதனையில் அந்த உறைதல் வெகுவாகக் குறைந்தது. கிளறப்பட்ட நினைவு மறுபடியும் பதிய வேண்டியிருக்கிறது, அதற்குள் அதைக் குலைக்க முடியும் என்று இதிலிருந்து தெரிந்தது. அம்மருந்தை மனித மூளையில் செலுத்த இயலாது. எனவே இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் புரோப்ரனலாலை 2009-இல் நெதர்லாந்தில் மெரல் கிண்ட் குழுவினர் நலமான தன்னார்வலர்களிடம் சோதித்துப் பலன் கண்டனர். ஆனால் பின்வந்த ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு அம்மாத்திரை ஆபத்தானது. தயவுசெய்து மருந்துக்கடையில் நேரடியாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் (தக்கலை, மனநலச் செவிலியர்):
ஐயா சொன்னது சரி. ஆனால் நோயாளிகளுக்கு அதிகம் பயன்பட்டது எலி ஆய்வின் இன்னொரு பகுதி என்பேன். அதிர்ச்சியில்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கேட்கச் செய்தால் எலியின் அச்சம் தணிகிறது. பழைய நினைவு அழியாமலே இருக்க, இப்போது ஆபத்தில்லை என்ற புதிய பாடம் அதன்மேல் சேர்கிறது. அந்த எலியை வேறு கூண்டுக்கு மாற்றினால் அச்சம் திரும்பி வருகிறது. அச்சமூட்டுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சைக்கு இதுவே அடிப்படை. மருத்துவமனை அறையில் வந்த துணிவு கடற்கரையில் நிலைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். ஆகவே மருத்துவரின் வழிகாட்டுதலோடு, முதலில் காற்றடங்கிய பகல் வேளையில் துறைமுகம் வரை, பிறகு கட்டிப்போட்ட படகில் சற்று நேரம் என்று இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பழக்குவது நல்லது. எலி உறைந்து நிற்பதும் மனிதர் உணரும் அச்சமும் ஒன்றல்ல என்று லெடூவே எழுதியிருக்கிறார். உடன் போனவர்கள் திரும்பாத துக்கத்தையும், தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்வையும் எந்தக் கூண்டிலும் ஆராய முடியாது. அவற்றைப் பேசித்தான் ஆக வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இரவில் அண்ணன் தாழ்ப்பாளைப் பார்க்க எழும்போது நாங்கள் தடுக்க வேண்டுமா?

பதில் (தக்கலை):
தடுக்கவோ அதட்டவோ வேண்டாம் அம்மா. யாராவது ஒருவர் அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுங்கள். எத்தனை இரவுகள் அப்படி எழுகிறார் என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் நிலைமை மோசமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.