உறைபனியில் ரயில் கதவின் அவசரத் திறப்பு: கைப்பிடி அசைந்தால் போதுமா?

பனிப்பாதை (கேள்வி):
கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டபோது, பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரிப்பு காஷ்மீர்ப் பனியில் ஓடப்போகிறது என்ற பெருமிதத்தோடு செய்திகளைப் படித்தேன். ஓட்டுநர் அறைக் கண்ணாடியில் பனி படியாமல் தடுக்கும் சூடேற்றும் இழைகள், தண்ணீரும் கழிவறைத் தொட்டியும் உறையாமல் காக்கும் வெப்பமூட்டிகள் எனப் பலவற்றை விளக்கியிருந்தார்கள். என் ஐயம் கதவைப் பற்றியது. மின்சாரம் நின்றுபோன பெட்டியிலிருந்து பயணிகள் வெளியேறக் கதவருகே வைத்திருக்கும் அவசரக் கைப்பிடி, சில்லை கலான் எனப்படும் அந்தக் கடுங்குளிரின் நாற்பது நாட்களிலும் தவறாமல் இயங்க என்ன செய்ய வேண்டும்? குளிர்நாடுகளின் நடைமுறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பெட்டிப் பணிமனை:
இத்தகைய தானியங்கிக் கதவுகளில் அந்தக் கைப்பிடி பெரும்பாலும் கதவைத் திறப்பதில்லை. பூட்டை மட்டுமே விடுவிக்கிறது. சைக்கிள் பிரேக் கம்பியைப் போல ஓர் உறைக்குள் ஓடும் எஃகுக் கேபிள், கதவுக்கு மேலே இருக்கும் பூட்டை இழுத்து விலக்குகிறது. அதன் பிறகு பயணிதான் கதவைக் கையால் தள்ள வேண்டும். ஆகவே தடை இரண்டு இடங்களில் வரலாம்: கேபிள் நகராமல் போகலாம், அல்லது பூட்டு விலகிய பிறகும் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கலாம்.

இரண்டுக்கும் காரணம் குளிரைவிட ஈரமே. கேபிள் உறை வளைந்து தாழும் இடத்தில் தேங்கும் சில துளி நீர் உறைந்தாலே இழுவை இறுகிவிடும். கதவின் ரப்பர் விளிம்பில் படிந்த ஈரம் உறைந்தால், அது சட்டத்தோடு கதவைப் பிணைத்துவிடும். இந்த வண்டி ஓடும் பாதை அடங்கிய உதம்பூர்–ஸ்ரீநகர்–பாராமுல்லா ரயில் திட்டத்தின் 272 கிலோமீட்டரில் 36 சுரங்கங்கள் உள்ளன; அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். வெளியே குளிர்ந்துபோன பெட்டி, சுரங்கத்தின் ஈரமான, சற்றே வெதுவெதுப்பான காற்றுக்குள் நுழையும்போது உலோகத்தின்மீது நீர் படியும்; மறுமுனையில் வெளிவந்ததும் அது உறையத் தொடங்கும். நாள் முழுவதும் ஒரே குளிரில் நிற்கும் வண்டியைவிட இந்த ஏற்ற இறக்கம் கதவுகளுக்குக் கடினமானது என்றே கருதுகிறேன்.

உறையின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய வழி, உட்புறம் வழுவழுப்பான பூச்சு கொண்ட துருப்பிடிக்காத கேபிள், கடுங்குளிரிலும் கெட்டியாகாத செயற்கை கிரீஸ், ரப்பரில் குளிர்காலத்துக்கு முன்பே பூசப்படும் சிலிகான் ஆகியவை அடிப்படைத் தேவைகள். சாதாரண கிரீஸை அதிகமாக அப்பிவைப்பது தீமையே செய்யும்.

ஒஸ்லோவிலிருந்து:
மேலே சொன்னவற்றோடு வெளிப்புறக் கைப்பிடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீட்புப் பணியாளர்கள் வெளியிலிருந்து திறப்பதற்கான அந்தக் கைப்பிடி, பல வண்டிகளில் பக்கச் சுவரில் ஒரு குழிக்குள் இருக்கிறது. இங்கே நார்வேயின் பெர்கன் ரயில் பாதையில், 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே போன்ற இடங்களில், ஓடும் வண்டி கிளப்பும் பொடிப்பனி படிக்கட்டிலும் அத்தகைய குழிகளிலும் அடைந்துகொள்ளும். பெட்டியின் சூட்டில் சற்று உருகி மீண்டும் உறைந்தால், விரல் நுழைய இடமில்லாத கட்டியாகிவிடும். சுவீடன் பணிமனைகளில் எளிதில் உறையாத கிளைகால் என்ற திரவத்தின் கரைசலைச் சூடாக்கிப் பீய்ச்சி அடிப்பகுதிப் பனியை உருக்குகிறார்கள். வெந்நீரை ஊற்றுவது மட்டும் கூடாது. அந்த நேரத்துக்குப் பனி உருகினாலும், அதே நீர் பூட்டுக்குள் இறங்கி அன்றிரவே உறைந்துவிடும்.

தண்டவாளம்:
கைப்பிடி இயங்குவது ஏன் உயிர்நிலையான செய்தி என்பதற்கும், அது மட்டும் போதாது என்பதற்கும் லண்டனின் லூயிஷம் சான்று. 2018 மார்ச் 2 மாலையில், மின்சாரம் தரும் தண்டவாளத்தில் பனி உறைந்ததால் அங்கே ரயில்கள் நடுவழியில் நின்றன. நெரிசலில் நெடுநேரம் காத்திருந்த பயணிகள் சிலர் அவசரத் திறப்பைப் பயன்படுத்திப் பாதையில் இறங்கினார்கள். அதனால் மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாகி, மற்ற வண்டிகளின் காத்திருப்பும் நீண்டது. இதைக் காரணம் காட்டிக் கைப்பிடியைப் பூட்டிவைக்கச் சொல்பவர்களோடு நான் சிறிதும் உடன்படவில்லை. தீயோ புகையோ சூழும்போது அந்தக் கைப்பிடியைத் தவிர வேறு வழி இருக்காது. நின்றுவிட்ட வண்டியில் வெளிச்சமும் அறிவிப்பும் நிற்காமல் பார்த்துக்கொள்வதே பயணிகளைப் பெட்டிக்குள் இருக்கச் செய்யும்.

பனிப்பாதை:
மிக்க நன்றி. கோடையில் பணிமனைக்குள் இழுத்துப் பார்த்து 'சரி' என்று குறித்துக்கொண்டால் அதை நம்பலாமா?

பெட்டிப் பணிமனை:
நம்பக் கூடாது, ஐயா. வடிவமைப்புக் கட்டத்தில் வியன்னாவில் இருப்பது போன்ற காலநிலைச் சுரங்கத்தில் (குளிரையும் காற்றையும் செயற்கையாக உண்டாக்கும் சோதனைக்கூடத்தில்) முழுப் பெட்டியையும் நிறுத்திச் சோதிக்கலாம். அங்கே மைனஸ் 45 டிகிரி வரை குளிர்விக்க முடியும். ஆனால் ஓடித் தேய்ந்த கேபிளின் நிலையை அந்தச் சோதனை காட்டாது. இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற வண்டியில், விடியற்காலையில், சூடேற்றும் முன்பே ஒவ்வொரு கதவையும் சோதிக்க வேண்டும். கைப்பிடியில் விசைமானியைக் கொக்கியிட்டு இழுவிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய மாதத்தைவிட விசை கூடியிருந்தால், கேபிள் இன்னும் இயங்கினாலும் மாற்றிவிடுவதே முறை. பிறகு, உடல் வலுக் குறைந்த ஒருவரால் தள்ளித் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் திரும்ப வைக்கும்போது பூட்டும் மைக்ரோ சுவிட்சும் முழுமையாகப் பழைய நிலைக்கு வந்தனவா என்பதையும் கவனிக்க வேண்டும். பாதியில் நின்றால் கதவு மூடியதாகச் சைகை கிடைக்காது, வண்டியும் நகராது.