திகில் கேம் சப்ளிமெண்ட் வாங்கி ஏமாந்தவர்கள், தப்பித்தவர்கள் வரவும்

கிருஷ்ணகிரியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு இரவில் ‘கால் ஆஃப் கதுலு’ ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் திகில் கதை விளையாட்டு. 1981-இல் வந்த விளையாட்டு, நாங்கள் ஆடுவது ஏழாம் பதிப்பு. கதை நடத்தும் கீப்பர் நான். போன மாதம் ஒரு சப்ளிமெண்ட், அதாவது ஆடுவதற்குத் தயார்க் கதை தரும் துணைப் புத்தகம், பிடிஎஃப்பாக வாங்கினேன். பெயர் வேண்டாம். அட்டைப்படத்தில் மயங்கித்தான் வாங்கினேன். வில்லனின் முன்கதை மட்டும் பதினோரு பக்கம், ராத்திரி தனியாகப் படித்தபோது முதுகு சில்லிட்டது.

ஆடியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கதையை எங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்கு மாற்றியிருந்தேன். அந்தப் பாறைமேல் இருக்கும் ஆதிகாலக் கல்லறைகளான கல்திட்டைகளைச் சாயங்காலத்தில் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். அரை மணி நேரம் யாரும் போனைத் தொடவில்லை. அப்புறம் நூலகக் காட்சி. பழைய பத்திரிகையில் ஒரு செய்தி கிடைத்தால்தான் அடுத்து எங்கே போவதென்று தெரியும், அதற்கு டைஸ் உருட்ட வேண்டும். நூலகத்தில் தேடும் திறமை எல்லோருக்கும் அடிப்படையாக நூற்றுக்கு 20. யாரும் அதில் கூடுதல் புள்ளி போடவில்லை. ஒருத்தர் தோற்க நூற்றுக்கு 80, நாலு பேரும் சேர்ந்து தோற்க நூற்றுக்கு 41. தோற்றார்கள். அப்படி ஆனால் என்ன செய்வது என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் முழித்த முழியைப் பார்த்து, “கீப்பருக்கே பைத்தியம் புடிச்சிருச்சுடா” என்றான் ஒருத்தன். டீ குடிக்க எழுந்தவர்கள் திரும்பி உட்காரவே இல்லை.

இப்போதெல்லாம் முக்கியத் துப்பு இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். டைஸ் கைவிட்டாலும் அது வேறு வழியில் கைக்கு வருமா? வராதென்றால் முன்கதை எத்தனை பக்கம் இருந்து என்ன, அதைப் படிக்கப்போவது நான் ஒருத்தன்தான்.

பதில், தர்மபுரி

அண்ணா, எனக்கு நேர் எதிர். மொத்தமே 16 பக்கம், ஒரு படம் இல்லை. காசு போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் மூன்று வரி: என்ன வேண்டும், எதை மறைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார். யார் என்ன கேட்டாலும் பதில் நாக்கில் வந்து நின்றது. கூடவே ஆட்டக்காரர் கையில் கொடுக்க ஒரு கடிதம். ஜெராக்ஸ் எடுத்து டிகாஷனில் நனைத்துக் காயவைத்தேன். எங்கள் ஊர் அருங்காட்சியகத்து நடுகல் ஒன்றையும் கதைக்குள் இழுத்துவிட்டேன்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கோடிட்ட இடம். ‘வாசிக்கப்போகும் பாத்திரத்தின் பெயரை இங்கே எழுதவும்’ என்று கீப்பருக்கு ஒரு குறிப்பு. வாசித்தவன் சத்தமில்லாமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்ன எழுதியிருக்கு என்று மற்றவர்கள் கேட்டதற்கு, “ஒன்னுமில்ல”.

பதில், ஓசூர்

நான் பார்ப்பது சானிட்டிக் கணக்கை, அதாவது பயங்கரத்தைப் பார்க்கும்போது குறையும் பாத்திரத்தின் மனத்தெளிவுப் புள்ளியை. சில புத்தகத்தில் கதவு திறந்தால் சானிட்டி போகும், பல்லி கத்தினால் சானிட்டி போகும். பத்து மணிக்குள் மரத்துப்போகும். ஒரே உருட்டலில் 5 புள்ளி போனால் அறிவுக்கு ஒரு உருட்டல் உண்டே, அதில் ஜெயித்தால்தான் பைத்தியம் பிடிக்கும். பார்த்தது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது இல்லையா! நல்ல சப்ளிமெண்ட் அந்த அடியைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கும்.

கிருஷ்ணகிரி

தர்மபுரி தம்பி, அந்த 16 பக்கம் எதுவென்று தனியாகச் சொல்லு. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தானா?

தர்மபுரி

இல்லண்ணா. அடுத்த வாரமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தான்.