ஸ்க்ரப்பர் தண்ணியைத் திரும்பத் திரும்பச் சுத்த விடலாமா? (இராமநாதபுரம் கரையோர விறகு பாய்லர்கள்)

வேலிக்காத்தான்:
மணிக்கு 1 டன் நீராவி தர்ற பாய்லர், மண்டபம் பக்கம். விறகு சீமைக்கருவேலம். வெட் ஸ்க்ரப்பர்ல (புகையைத் தண்ணி தெளிச்சுக் கழுவுற கருவி) கரித்தண்ணி வருது. தொட்டியில தெளிய வச்சு அதையே திரும்ப அடிச்சா சொட்டுக் கழிவும் வெளியே போகாதுங்கிறாங்க. நம்பலாமா?

தணல்:
நம்பலாம். இந்த அளவு பாய்லருக்குப் புகை சூட்டோட மணிக்கு ஏறக்குறைய 3,000 கனமீட்டர். கனமீட்டர் புகைக்கு 1 முதல் 1.5 லிட்டர் தண்ணின்னா பம்ப் மணிக்குச் சுத்துறது 3,000–4,500 லிட்டர். தொட்டி மேற்பரப்பு 5 சதுர மீட்டர் இருந்தா சாம்பல் பெரும்பாலும் அடியில தங்கிரும். எரியாத கரித்தூள் மிதக்கும். தொட்டி வெளிவாய்க்கு முன்னாடி தண்ணிக்குள்ள ஒரு அடி இறங்கின தடுப்புப் பலகை கட்டாயம். பலகை இல்லன்னா நாசில் (தண்ணி தெளிக்கிற குழல்முனை) அடைக்கும். 8–10 மி.மீ. துவாரமுள்ள சுருள் நாசில் போடுங்க. ஆவியாகிறதை மட்டும் போர் தண்ணியால நிரப்பினாப் போதும்.

கரைவலை:
அண்ணே, கடைசி வரியிலதான் சிக்கல். சாம்பல் தெளியும், உப்பு தெளியாது. 200 டிகிரி புகை 60க்கு இறங்கும்போது மணிக்கு 100–120 லிட்டர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு அப்படியே தொட்டியில நிக்கும். போர் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 1,500 மில்லிகிராம்னு வைங்க. தொட்டியில அது மூணு மடங்கானா 4,500. அந்தச் சூட்டுல 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடு வெல்டிங் ஓரத்துல புள்ளி புள்ளியா அரிச்சு ஓட்டை விழும். 316 கொஞ்ச காலம் கூடுதலாத் தாங்கும், அவ்வளவுதான். விறகுச் சாம்பல்ல இருக்கிற பொட்டாசியம் குளோரைடும் இதோட சேருது.
உப்பை மூணு மடங்கோட நிறுத்தணும்னா, ஆவியாகிறதுல பாதி, அதாவது மணிக்கு 60 லிட்டர் தொட்டித் தண்ணியை வெளியே வடிக்கணும். பத்து மணி நேர ஓட்டத்துக்கு 600 லிட்டர். இது கழிவுநீர் இல்லையா?

தணல்:
ஸ்க்ரப்பர் உடம்பை எஃப்ஆர்பியில (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) செய்யலாம், தொட்டிக்கு எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்). 600 லிட்டரைத் தார்ப்பாய் விரிச்ச பாத்தியில வெயில்ல காயவிட்டா முடிஞ்சது.

கரைவலை:
பம்ப் நின்ன நிமிஷத்துல எஃப்ஆர்பி கருகிரும். தண்ணி ஓட்டம் நின்னா புகை இழுக்கிற ஃபேனும் தானா நிக்கிற மாதிரி இன்டர்லாக் இணைப்பு இல்லாம அதைத் தொடவே கூடாது.
பாத்திக் கணக்கையும் போடுங்க. நாளைக்கு 5 மி.மீ. ஆவியானாலும் 120 சதுர மீட்டர் வேணும். உப்பு ஏற ஏற ஆவியாகிறது இன்னும் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்தி நிரம்பி வழியும். நம்ம கரையில மணலுக்கடியில நல்ல தண்ணி, கடல் தண்ணி மேல மெல்லிசா மிதக்குது. ஊத்துத் தோண்டிக் குடிக்கிற ஊர்ல அந்த உப்புத் தண்ணியை விட உறிஞ்சு குழி வெட்டுறதும் அநியாயம்.

பனங்காடு:
ஸ்க்ரப்பரே எதுக்கு? சைக்ளோன் (புகையைச் சுழல விட்டுச் சாம்பலைப் பிரிக்கிற கூம்பு), பேக் ஃபில்டர் (துணிப் பை வடிகட்டி) போட்டா தண்ணிப் பிரச்சினையே இல்ல.

தணல்:
கருவேலங்கரி பொறியாப் பறக்கும். பொறி பிடிக்கிற அறை இல்லன்னா பை எரிஞ்சிரும். பாலியஸ்டர் பை 130 டிகிரிக்கு மேல தாங்காது. காலையில அடுப்புப் பத்த வைக்கும்போது ஈரம் படிஞ்சா சாம்பல் பையில களியா ஒட்டிக்கும். சின்ன பாய்லருக்கு நான் சொல்லமாட்டேன். ஆனா ஸ்க்ரப்பருக்கு முன்னாடி சைக்ளோன் வைக்கிறது சரி. கனமான சாம்பல் காஞ்ச நிலையிலயே விழுந்திரும், தொட்டிச் சேறு வெகுவாக் குறையும்.

கரைவலை:
அதுல எனக்கும் மறுப்பில்ல. நிரப்புறதுக்குப் போர் தண்ணியை விட்டுட்டு, பாய்லர் ப்ளோடவுனை (பாய்லர்ல இருந்து அப்பப்போ திறந்து விடுற தண்ணி) ஆற வச்சு எடுங்க. பாய்லருக்கு ஆர்ஓ தண்ணி (சவ்வு வழியா உப்பு நீக்கினது) போகுதுன்னா அதுல உப்பு குறைவு. ஆர்ஓ கழிவை மட்டும் ஸ்க்ரப்பருக்குத் திருப்பவே கூடாது. வடிக்கிறதைக் கண் மதிப்புல செய்யாம உப்பு அளவைக் காட்டுற கண்டக்டிவிட்டி மீட்டர் பார்த்துச் செய்யுங்க.

வேலிக்காத்தான்:
தெளிஞ்ச பிறகும் டீ நிறத்துல இருக்கே? படிகாரம் போடலாமா?

கரைவலை:
படிகாரம் பிஎச் (அமில-கார அளவு) 6–7.5லதான் நல்லா வேலை செய்யும். சாம்பல் தண்ணி 9க்கு மேல இருந்தா காரத்தை அடக்கவே பாதி செலவாகும். 1 சதவீதக் கரைசல் செஞ்சு, ஒரு லிட்டர் கழிவுத் தண்ணியில 10 மில்லி விட்டா 100 மில்லிகிராம் கணக்கு. அஞ்சு குவளையில அளவை மாத்திப் பாருங்க.

தணல்:
அந்த நிறம் தார். தார்ல இருந்து தண்ணியில கரைஞ்ச ஃபீனாலைப் படிகாரம் பிடிக்காது. பச்சை விறகை அடுப்புல தள்ளுறதால வர்றது அது. விறகைப் பிளந்து, கூரைக்கடியில அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ வந்த பிறகு எரிங்க. அடுப்புல விறகுக்கு மேல காத்து விடுற கதவையும் திறந்து வைங்க. அப்புறமும் நிறம் நின்னா மருந்தைப் பத்திப் பேசலாம்.