பாறையில் கட்டிய பெண், பறக்கும் குதிரை: இந்தப் பழைய படம் என்ன?

மஞ்சக்குப்பம்_வாசி:
புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய படம் வாங்கினேன். சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது, தாள் தப்பித்திருக்கிறது. கறுப்பு மை அச்சு. பாறையில் சங்கிலி போட்ட பெண், கடலில் வாய் பிளந்த மிருகம், மேலே இறக்கை வைத்த குதிரையில் ஈட்டியோடு ஒருவன். எதிர்வீட்டு அக்கா புனித ஜார்ஜியார் என்று கும்பிட்டே விட்டார். விற்றவர் செப்புத் தகடு அச்சு என்றார். படத்தின் குறுக்கே நூல் போல வெள்ளைக் கோடுகள் நேராக ஓடுகின்றன. கிழிசலா? டேப் ஒட்டலாமா?

கதைப்பித்தன்:
ஜார்ஜியார் குதிரைக்கு ஏது இறக்கை? இது கிரேக்கக் கதை. தன் அழகு கடல் கன்னியருக்கும் இல்லை என்று ராணி காசியோப்பியா பீற்றிக்கொண்டாள். கோபத்தில் கடல் தெய்வம் பொசைடன் அனுப்பிய மிருகம் அது. அதற்குப் பலியாக நிற்பது மகள் ஆந்த்ரோமீடா, மீட்க வருபவன் பெர்சியஸ். பழைய கதையில் அவன் இறக்கைச் செருப்பில்தான் பறந்து வருவான். பெகாசஸ் குதிரையில் ஏற்றியது பின்னால் வந்த ஓவியர்கள்.

முத்தியால்பேட்டை_கம்போசிட்டர்:
தம்பி, டேப்பைக் கீழே வைங்க. அது கிழிசல் இல்லை, அச்சடித்த மரக்கட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்த இடம். விரலால் தடவிப் பாருங்க. மடிப்பென்றால் தட்டும். இணைப்பென்றால் தாள் வழவழவென்றிருக்கும், மை மட்டும் விழுந்திருக்காது.

இது மரச்செதுக்கு. பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தில் செதுக்குவார்கள். அதனால்தான் மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும். இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக் (1753–1828) பேர்வாங்கிக் கொடுத்த முறை. ஆனால் அந்த மரம் பருக்காது. பெரிய படத்துக்குச் சின்னக் கட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கணும். பத்திரிகை அவசரமென்றால் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் செதுக்க வைத்து, மறுபடி முடுக்குவார்கள். கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு. வேலை செய்தவனின் அவசரம் தெரிகிற அந்தக் கோடுதான் எனக்குப் படத்தைவிடப் பிடித்தது.

செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும், அதற்குத் தனி பிரஸ். மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும், ஈய எழுத்தோடு ஒரே ஃபாரத்தில், அதாவது ஒரே அச்சுச் சட்டத்தில் முடுக்கி, ஓட்டலாம். தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுத்து இருக்கிறதா பாருங்க. பூதக்கண்ணாடியும் வைங்க; புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால ஹாஃப்டோன் நகல், அதாவது போட்டோ எடுத்துப் புள்ளிகளாக்கி அச்சடித்தது.

மஞ்சக்குப்பம்_வாசி:
புள்ளி இல்லை ஐயா, எல்லாம் கோடுதான். பின்பக்கம் இரண்டு பத்தியாகப் பிரெஞ்சு எழுத்து. படத்தின் கீழே வலது மூலையில் பொடியாக ஒரு பெயர். நல்ல விலை போகுமா?

முத்தியால்பேட்டை_கம்போசிட்டர்:
அப்படியென்றால் புத்தகத்திலோ பத்திரிகையிலோ பிரித்த ஏடு. 1833-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பத்திரிகை 'மகஸேன் பித்தொரெஸ்க்' இப்படித்தான் இரண்டு பத்தியில் படத்தோடு வந்தது. வலது மூலைப் பெயர் பெரும்பாலும் செதுக்கியவருடையது, வரைந்தவர் இடது மூலையில் இருப்பார். ஆயிரக்கணக்கில் ஓட்டிய சரக்கு, பெரிய விலை எதிர்பார்க்காதீங்க.

புதுச் சட்டத்தில் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நம்ம கடற்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். பின்னால் பிளைவுட் வேண்டாம். பருத்திக் கந்தலில் செய்த கைத்தாள் வைங்க, அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் இங்கே புதுச்சேரியிலேயே கிடைக்கும். டேப் ஒட்டினதாகக் கேள்விப்பட்டால் பஸ் ஏறி மஞ்சக்குப்பத்துக்கே வந்து சண்டை போடுவேன்.